மூன்று பேருக்கு மூன்று பொய்

சொந்த வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கிற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. சின்னவளுக்கு வந்துவிட்டது.

புருஷனைப் பிரிந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். மகளுக்கு வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் பேர் வாலு. வாலு அம்மாவிடம் வளர்வதா, அப்பாவிடம் வளர்வதா என்று வழக்கு நடக்கிறது. வழக்கு நடந்துவிட்டுப் போகட்டும். சின்னவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. வீட்டில் பேசுகிற பேச்செல்லாம் எப்படியோ எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வேலை அலுப்பில், "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடலாம்போல இருக்கும்மா" என்று அம்மாவிடம் புலம்பினாள். எந்தத் தாய் சொல்லாத பேச்சு அது? அடுத்த விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று, அதே வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தார். "குழந்தையைக் கைவிட்டுப் போகும் எண்ணம் இவருக்கு இருக்கிறது" என்று ஒரு வாலையும் ஒட்டவைத்தார். சின்னவளுக்கு நடுக்கூடத்தில் துணியை உருவியதுபோல் ஆகிவிட்டது.

வீட்டில் யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். யார்?

சின்னவளுக்கு மருந்துக்கடையில் வேலை. முன்பொரு தடவை கடையில் மாத்திரை அட்டைகள் காணாமல் போனபோது, ஒவ்வொருவர் பொறுப்பில் இருந்த பெட்டிக்குள்ளும் வேறு வேறு குறி போட்டு வைத்து ஆளைப் பிடித்தவள் அவள்தான். போன வாரம் அதே வித்தையை வீட்டில் காட்டினாள். மூன்று பேருக்கு மூன்று பொய்.

அண்ணனிடம், வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அண்ணியிடம், வாலு தூக்கத்தில் அலறி எழுவதாகவும், டாக்டரிடம் காட்டப் போவதாகவும் சொன்னாள். அம்மாவிடம், பள்ளி லீவு முழுக்க வாலுவை அப்பாவிடமே விட்டுவிடலாம் என்றிருப்பதாகச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டாள். எந்தப் பொய் அந்தப் பக்கம் முளைக்கிறதோ, அதை வாங்கியவர்தான் ஆள்.

இன்று சமரசப் பேச்சு. இதில் முடிவு ஏற்படாவிட்டால் நீதிபதியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

காலையில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் அண்ணன், கருவிப் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றுகொண்டு விழுங்கினான். வாலு காலணி ஒன்றைத் தொலைத்துவிட்டு, அது தானாக நடந்துபோனதாகச் சாதித்துக்கொண்டிருந்தாள்.

மேஜை நடுவில், தாங்கியில் சாய்த்து வைத்த, பெரிய போன் மாதிரியான டேப் ஒன்று இருந்தது. வீட்டில் அதற்குப் பேர் 'அம்மா காது'.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் முழுசாகவே போய்விட்டது. எதிரில் பேசுவதையெல்லாம் அந்த டேப் எழுத்தாக்கி ஓடவிடும். அம்மா கண்ணாடியை மூக்குநுனியில் இறக்கிக்கொண்டு படிப்பாள். படித்து முடித்ததும் விரலால் தள்ளி அந்த வரியை மேலே அனுப்பிவிடுவாள். அந்த விரலசைவிலேயே அவளுக்குப் பேச்சு பிடித்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம்.

அது வந்த பிறகு வீட்டில் ஒரு வழக்கமும் வந்தது. எந்த முக்கியமான பேச்சானாலும் மேஜைக்கு வந்துதான் பேச வேண்டும். கிசுகிசுக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசக் கூடவே கூடாது. பேசினால், "எனக்குத் தெரியக் கூடாத விஷயமா?" என்று அம்மாவின் கண் கலங்கிவிடும். அந்தக் கண்ணீரைப் பார்க்க முடியாமல், அம்மா தூங்குகிற நேரத்தில்கூட மேஜையில் உட்கார்ந்து பேசிப் பழகிவிட்டது வீடு.

அண்ணன் கிளம்பினான். வாலுவின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. தினமும் காலையில் மகளோடு பேச அவருக்கு அனுமதி உண்டு. வாலு காலணியின் சரித்திரத்தை அவருக்கும் ஒருமுறை சொல்லிவிட்டு, போனைச் சின்னவளிடம் நீட்டினாள்.

"அப்பா உங்கிட்ட பேசணுமாம்."

சின்னவள் போனைக் காதில் வைத்தாள்.

"வாலு சரியா தூங்கறதில்லையாமே?" என்றார் அவர். குரலில் தேன் ஒழுகியது. "அலறி எழுந்துக்கறாளாம். டாக்டர்கிட்ட காட்டப் போறியாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார் சொன்னா?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணி! சின்னவளுக்குச் சந்தேகம் முதலிலிருந்தே அங்கேதான். அண்ணி திரைச்சீலை தைத்து விற்கிறவள். ஊரார் ஜன்னலையெல்லாம் மூடிக்கொடுக்கிறவள், தன் வீட்டை மட்டும் போனில் படம் பிடித்துப் பிடித்து உலகத்துக்கே திறந்து காட்டிக்கொண்டிருப்பாள். புதுத் துணி வந்தால் வீடியோ. தைத்து முடித்தால் வீடியோ. அண்ணன் குறட்டை விட்டதைக்கூடப் போட்டு, அதற்கு எண்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் வாயில் ஒரு ரகசியம் தங்குமா?

அண்ணி பால்கனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். அந்த வீட்டில் அப்படி யாரும் செய்ததில்லை.

"அண்ணி, உங்ககிட்ட மட்டும் சொன்ன விஷயம் அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எந்த விஷயம்?"

"வாலு அலறுறான்னு சொன்னேனே. அது."

அண்ணி மெஷினை நிறுத்தினாள். "நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

"காலையிலேர்ந்து போனும் கையுமா இருக்கறது யாரு? நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா? வேற யாருக்குமே தெரியாது அண்ணி! தெரியக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட மட்டும் சொன்னேன்."

"ஓ. சோதனையா?"

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் போடற எல்லாத்தையும் எல்லாரும் பார்க்கட்டும்னுதான் போடறேன். ஒளிச்சு வச்சு எதையும் போட்டதில்ல" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தக்கூட இல்லை. "நீ அலறுறான்னு சொன்ன அன்னிக்கு, குழந்தை பயப்படுமேன்னு அவ ரூம் வாசல்லயே தலையணையைப் போட்டுப் படுத்தேன். அவ ஒரு சத்தமும் போடல. நிம்மதியா தூங்கினா. ஏன்னு உன்கிட்ட கேக்கலாமான்னு நினைச்சேன். உனக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

சின்னவள் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எழுத்தில்லாமல் வாய்கள் மட்டும் அசைவதைப் பார்த்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

சமரச அறையில் நீள மேஜை, தண்ணீர்க் குடுவை, அழுகிறவர்களுக்கென்று ஒரு டிஷ்யூப் பெட்டி. சமரச அதிகாரி கனிவான பெண்மணி. சின்னவளின் பக்கத்தில் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். எதிரில் வாலுவின் அப்பாவும் அவருடைய வக்கீலும்.

வாலுவின் அப்பா காதுக் கருவி விற்கும் கடை வைத்திருக்கிறவர். காது கேளாதவர்களோடு பேசிப் பேசி, எதையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வது அவருக்குப் பழக்கம். கேட்கிறவர்களுக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும். சின்னவளுக்கும் ஒரு காலத்தில் வந்ததுதான்.

"குழந்தைக்குத் தூக்கமில்ல. ராத்திரி பயந்து அலறுது. அது எனக்குத் தெரிஞ்சே ரொம்ப நாள் கழிச்சுத்தான்" என்று தொடங்கினார்.

சொல்லிக்கொள்ளட்டும். எங்கிருந்து வந்தது என்று சின்னவளுக்குத் தெரியும். அண்ணியோடு இனி ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அதோட, வேற ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருக்காங்க" என்றார் அவருடைய வக்கீல். "குழந்தையைக் கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோயிடுவாங்களோன்னு எங்க கட்சிக்காரர் பயப்படறார்."

சின்னவள் நிமிர்ந்தாள். மாற்றலா? அது அண்ணனுக்குச் சொன்ன பொய்.

அண்ணனா? வாலுவுக்குக் காய்ச்சல் என்றால் பாதி லிஃப்டில் ஆளைத் தொங்கவிட்டு ஓடி வருகிறவனா? ஒருவேளை அண்ணன் அண்ணியிடம் சொல்லி, அண்ணி… இல்லை, அண்ணியும் அண்ணனும் சேர்ந்தே… ஒரு சந்தேகத்தின்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது. கூடப் பிறந்தவனையே மனசு கூண்டில் ஏற்றிவிட்டது.

"இத்தனைக்கும் லீவு முழுக்கக் குழந்தையை என்கிட்ட விடறதுக்கு அவளுக்கே சம்மதம்தான்" என்றார் அவர் அதிகாரியிடம். "அவங்க அம்மாகிட்டயே சொல்லியிருக்கா."

மூன்றாவதும் வந்துவிட்டது.

அம்மாவா? போனில் நம்பரைப் போடக்கூடத் தெரியாதவள். யாராவது கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. ஒன்று, வீட்டில் அத்தனை பேரும் சேர்ந்து சின்னவளை விற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருமே காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டில் எது அதிக பயம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வக்கீலம்மா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றாள்.

வராந்தாவில் வைத்து மூன்று பொய்க் கதையையும் கொட்டினாள். வக்கீலம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"மூணையும் எங்க வச்சுச் சொன்னீங்க?"

"மேஜையில. எங்க வீட்டுல எல்லாமே மேஜையிலதான்."

"சொல்லும்போது வேற யார் இருந்தா?"

"யாரும் இல்லையே. அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது தனியா சாப்பிட்டான். அண்ணி துணியை விரிச்சு வெட்டிட்டிருந்தாங்க. அம்மாகிட்ட சொன்னப்போ நாங்க ரெண்டு பேர்தான்."

"மனுஷங்களை விடுங்க. மேஜையில என்ன இருந்தது?"

சின்னவள் மேஜையை மனசுக்குள் ஒருமுறை சுற்றி வந்தாள்.

"அம்மா காது" என்றாள்.

அதை ஒரு யந்திரமாக அவள் நினைத்ததே இல்லை. அது அம்மாவின் உடம்பில் ஒரு பாகம் மாதிரி. அம்மா எதிரில் பேசுகிறோம் என்று நினைப்பார்களே தவிர, ஒரு பெட்டிக்குள் பேசுகிறோம் என்று யார் நினைப்பார்கள்?

"யார் வாங்கித் தந்தது?"

"அவர்தான். கல்யாணமான புதுசுல. எங்கம்மாவுக்காகக் கடையிலேர்ந்து கொண்டுவந்து, பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்."

"கணக்கு யார் பேர்ல?"

"அவர் நம்பர்லதான் ஆரம்பிச்சோம்."

"அப்ப அதுல ஓடற எழுத்தெல்லாம் அவர் கடையில உட்கார்ந்தே படிக்கலாம். 'ஒப்புக்கொள்கிறேன்'னு கேட்டிருக்குமே, யார் அழுத்தினது?"

"நான்தான்" என்றாள் சின்னவள். "அம்மா விரலைப் பிடிச்சு நான்தான் அழுத்த வச்சேன்." அப்போது அவர்கள் மூன்று பேரும் எவ்வளவு சிரித்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

வக்கீலம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். "வீட்டுக்குள்ள பேசறதைச் சம்மதமில்லாம அடுத்தவங்க எடுத்தா அது தப்புதான். சட்டம் தெளிவா இருக்கு. புருஷன்ங்கறதுக்காக விட்டுக்கொடுக்காது. ஆனா அவர் என்ன சொல்லுவார்? பொருள் நான் கொடுத்தது, கணக்கு என்னுது, அவங்களே அழுத்தினாங்கன்னுவார். பிரிஞ்ச பிறகும் உள்ள வந்து படிச்சார்னு நாம காட்டணும். இந்த மூணு பொய்யும் பெரிய உதவி. இன்னும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது வேணும்."

"அதை இன்னிக்கே தூக்கி எறிஞ்சுடறேன்."

"எறிஞ்சா அம்மா?"

சின்னவள் சமரச அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாமெல்லாம் கதவைச் சாத்தினாலே கள்ளத்தனம்னு சொல்லி வளர்ந்தவங்க" என்றார் வக்கீலம்மா. "எங்க வீட்டுல என் டைரியை எங்கப்பா சத்தமா படிச்சுக் காட்டுவார். பாசம்னு பேரு. கோர்ட்டுக்குள்ள நான் பார்த்துக்கறேன். உங்க வீட்டுக் கதவை நீங்கதான் சாத்தணும்."

உள்ளே போய், பேச்சை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கக் கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் சின்னவள் வீட்டுக்கு வந்ததும் நேராகப் பால்கனிக்குப் போனாள். வாலு எதிர் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணி, தப்பு பண்ணிட்டேன். நீங்க இல்ல."

"யாராம்?"

சொன்னாள். அண்ணியின் கால் மெஷின் மிதியிலிருந்து இறங்கியது. கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக மேஜையையே பார்த்தாள்.

"நான் வாசல்ல படுத்தது வீணாப்போச்சா அப்ப?"

"இல்ல அண்ணி." சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அதை நினைச்சா எனக்கு வெட்கமா இருக்கு."

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கோ" என்று அண்ணி போனை எடுத்தாள். "அந்த டேப் மூலையில ஒரு கண்ணு மாதிரி இருக்கே, சில நேரம் பச்சையா, சில நேரம் சாம்பலா? அது என்னது?"

"சார்ஜ் குறின்னு நினைச்சேன்."

"சார்ஜ் ஒயரு எப்பவும் சொருகித்தானே இருக்கு? எதுக்கு நிறம் மாறுது?"

அண்ணி தன் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நீலத் திரை, பூப்போட்ட திரை, கோடு போட்ட திரை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேஜை, மேஜைமேல் அம்மா காது. அவருடைய கடையில் கூட்டம் நெரியும் மதிய வேளைகளில் எடுத்ததில் கண் சாம்பலாக இருந்தது. கடை சாத்திய பிறகு எடுத்த அத்தனையிலும் பச்சை. இன்று அவர் சமரச அறையில் உட்கார்ந்திருந்தபோது எடுத்ததில் சாம்பல்.

அவர் திறந்து பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண்ணும் திறந்திருக்கிறது.

"என் வீடியோவால இந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு உங்கண்ணன் சொல்லுவாரே, வரட்டும்" என்றாள் அண்ணி.

அண்ணனுக்கு மாடிப்படியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது. டேப்பைப் பிரித்து உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிடுகிறேன் என்று ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தவனைப் பிடித்து உட்கார வைப்பது பெரும்பாடாகிவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பச்சைக் கண் எரிந்துகொண்டிருந்தது.

யாரும் வாய் திறக்கவில்லை. எதைப் பேசினால் என்ன ஆகுமோ என்று ஆளாளுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலுகூட ஏதோ சரியில்லை என்று தெரிந்து அடங்கியிருந்தாள். திரை வெறுமையாகக் கிடந்தது. அம்மா திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். விரலால் திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது கெட்டுப்போச்சா?" என்றாள் உரக்க. காது கேளாதவர்களின் குரல். "இல்ல, நீங்கதான் பேசலையா? காலையிலயும் கதவைச் சாத்திக்கிட்டீங்க. என்மேல என்ன கோவம்?"

வாலுவின் அப்பா இந்த டேப் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, கடைசியில் அம்மாவுக்கல்லவா பேச்சு இல்லாமல் செய்துவிட்டார்!

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு குலுக்கல் இல்லாமல், டேப்பின் மூலையை நோக்கி. அண்ணன் வாலுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

சின்னவள் டேப்பைத் தன் பக்கம் திருப்பவில்லை. அம்மா படிக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உங்ககிட்டதான் பேசறேன்" என்றாள். எழுத்து ஓடியது. "கடையைச் சாத்திட்டு உட்கார்ந்து படிச்சிட்டிருக்கீங்கன்னு தெரியும். வாலு அலறல. நான் மாற்றல் கேக்கல. லீவுக்கு விடறேன்னு சொன்னதும் பொய். மூணு பொய்யும் இந்த மேஜையில வச்சுச் சொன்னது. மூணையும் இன்னிக்கு அதிகாரி முன்னாடி நீங்களே எடுத்து வச்சுட்டீங்க. என் வீட்டுல நான் அழுவேன், அலுத்துக்குவேன், ஓடிப்போயிடலாம்னுகூடச் சொல்லுவேன். அதெல்லாம் எங்கம்மாவுக்குச் சொன்னது. உங்களுக்குச் சொன்னதில்ல."

கடைசி வரி வந்து நின்றது. கண் பச்சையாகவே இருந்தது. இன்னும் பச்சைதான். பிறகு, உள்ளே யாரோ கதவைச் சாத்தியதுபோல், சாம்பலாகிவிட்டது.

அண்ணி மூச்சை விட்டாள். "மாட்டினார்" என்றாள் மெதுவாக.

சின்னவளுக்கும் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பினாள்.

அம்மா எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. அவள் பார்வை மேல் மூலையில் இருந்தது, அந்தச் சாம்பல் கண்ணில்.

"போயிட்டாரே" என்றாள்.

"யாரும்மா?"

"மாப்பிள்ளைதான். சாப்பாட்டு நேரத்துக்கு எப்பவும் கூடவே இருப்பாரே."

காலையிலிருந்து சின்னவள் யார் யாரையோ சந்தேகப்பட்டாள். அம்மாவை மட்டும், போனில் நம்பர் போடக்கூடத் தெரியாதவள் என்று கையோடு விட்டுவிட்டாள்.

"அவர் படிக்கிறார்னு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

கேள்வி திரையில் எழுத்தாக வந்து நின்றது. அம்மா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, அதை நிதானமாகப் படித்தாள். பிறகு விரலை வைத்து, அந்த வரியை மேலே தள்ளிவிட்டாள்.